மாலை கழற்றியதும் குடி திரும்பியது: கூட்டத்துக்குப் போனால் நிற்குமா?

கேள்வி: என் கணவருக்கு 46 வயது. புறக்கோட்டையில் ஒரு மொத்த வியாபாரக் கடையில் கணக்கு எழுதுகிறார். தினமும் இரவில் அரைப் போத்தல் சாராயம். இப்போது காலையிலும் கொஞ்சம் எடுத்தால்தான் கை நடுங்காமல் பேனை பிடிக்க முடிகிறது. இரண்டு வருடத்துக்கு முன் சபரிமலைக்கு மாலை போட்டு 41 நாளும் தொடவில்லை. வந்து ஒரு கிழமையில் பழையபடி தொடங்கிவிட்டார். குடியை விட்டவர்கள் கூடும் கூட்டம் கொழும்பில் இருக்கிறதாம். போனால் சரிவருமா? ஊருக்குத் தெரிந்துவிடும் என்று பயப்படுகிறார். சாப்பாட்டில் தெரியாமல் கலந்து கொடுக்க ஒரு குளிசை இருக்கிறது என்கிறா மைத்துனி. - வாசகி, வெள்ளவத்தை

பதில்: முதலில் அந்தக் குளிசை. வேண்டாம். மைத்துனி சொல்வது டைசல்ஃபிரமாகத்தான் இருக்கும். அது உடம்பில் இருக்கும்போது சாராயம் உள்ளே போனால் முகம் சிவந்து, நெஞ்சு படபடத்து, வாந்தி எடுத்து, இரத்த அழுத்தம் விழும். இதயம் பலவீனமானவருக்கு உயிருக்கே ஆபத்து. குடிப்பவர் தானே அறிந்து, சம்மதித்து, வைத்தியரின் கண்காணிப்பில் எடுக்கவேண்டிய மருந்து அது. கறியில் கலக்கிற சாமானில்லை.

இரண்டாவது, காலை நடுக்கம். உங்கள் கடிதத்தில் என்னை யோசிக்க வைத்தது இதுதான். மாலை போட்ட காலத்தில் ஒன்றும் ஆகவில்லை என்பதை நம்பி இந்த முறையும் ஒரேயடியாக நிறுத்த விடாதீர்கள். இந்த நிலைக்கு வந்தவர் திடீரென்று விட்டால் முதல் இரண்டு நாளுக்குள் வலிப்பு வரலாம். இரண்டாம், மூன்றாம் நாளில் ஆள் குழம்பி, இல்லாததெல்லாம் கண்ணுக்குத் தெரியத் தொடங்கலாம். ஆகவே நிறுத்துவதற்கு முன் தேசிய வைத்தியசாலையின் மனநல கிளினிக்குக்கோ, உங்கள் குடும்ப வைத்தியரிடமோ கூட்டிப்போய், எவ்வளவு குடிக்கிறார் என்பதை ஒளிக்காமல் சொல்லுங்கள். நடுக்கத்தை அடக்கும் மருந்தைச் சில நாளுக்குப் படிப்படியாகக் குறைத்துக் கொடுப்பார்கள். கூடவே தயமின் என்ற விட்டமினும். சிலரை வார்டில் வைத்துத்தான் பார்க்க வேண்டிவரும். இடையில் வலிப்போ குழப்பமோ வந்தால் யோசிக்காமல் 1990 அம்புலன்ஸுக்கு அடியுங்கள்.

இனி கூட்டம். கட்டாயம் போகலாம். 41 நாள் அவரால் எப்படி விட முடிந்தது என்று யோசித்துப் பாருங்கள். ஐயப்பன் மேல் பக்தி ஒரு பக்கம். மறுபக்கம், பின்னேரமானால் போவதற்கு ஒரு பஜனை இருந்தது, சுற்றிவர அதே விரதத்தில் இருந்த சாமிமார் இருந்தார்கள், ஒரு நாள் காணாவிட்டால் “சாமி எங்கே?” என்று கேட்க ஆள் இருந்தது. மாலையைக் கழற்றியதும் அந்தக் கூட்டாளிகளும் கலைந்துவிட்டார்கள். குடியை விடுவதைவிட விட்ட இடத்தில் நிற்பதுதான் பெரும்பாடு. அதற்குத்தான் இந்தக் கூட்டம், 42ஆம் நாளும் கலையாத கூட்டம்.

இப்படிக் கூட்டம் நடத்தும் அமைப்பு ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ், சுருக்கமாக ஏ.ஏ., 1935இல் அமெரிக்காவில் இரண்டு குடிநோயாளிகள் தொடங்கியது. அவர்களில் ஒருவர் சத்திரசிகிச்சை வைத்தியர் (எங்கள் ஆட்களும் தப்புவதில்லை!). கட்டணம் இல்லை. குடியை விடவேண்டும் என்ற ஆசை ஒன்றே தகுதி. கடவுளைப் பற்றிப் பேசுவார்கள், ஆனால் அவரவர் விளங்கிக்கொண்ட கடவுள். சில இடங்களில் தேவாலய மண்டபத்தில் கூடுவார்கள் என்பதற்காக மதம் மாற்றுவார்கள் என்று பயப்படத் தேவையில்லை. மருத்துவ ஆய்வுகளைச் சேர்த்து எடைபோடும் கொக்ரேன் அமைப்பு 2020இல் வெளியிட்ட தொகுப்பு 27 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தது. முற்றாகக் குடிக்காமல் இருக்க வைப்பதில் ஏ.ஏ. வழி மற்ற உளவியல் சிகிச்சைகளுக்குச் சமம், சிலவற்றைவிட மேல் என்பது அதன் முடிவு.

உள்ளே நடப்பது மிகச் சாதாரணம். கதிரைகள், பிளேன்டீ, ஒவ்வொருவராகத் தங்கள் கதையைச் சொல்வது. நான் போயிருந்த ஒரு திறந்த கூட்டத்தில் (குடிநோய் இல்லாதவரும் போய் இருக்கக்கூடிய கூட்டம்) தேநீர் ஊற்றியவர் புதிதாக வந்தவருக்கு மட்டும் அரைக் கோப்பைதான் ஊற்றினார். கை நடுங்கிச் சிந்தி வெட்கப்படுவார் என்று அவருக்குத் தெரியும். வெள்ளைக் கோட்டு போட்ட எங்களுக்கு இது தோன்றாது.

பெயரில் பாதி சொன்னால் போதும், அங்கே கேட்டது வெளியே போகக்கூடாது என்பது விதி. வெள்ளவத்தைக்காரர் யாரையும் காணவே கூடாது என்றால் வேறு பகுதிக் கூட்டத்துக்குப் போகட்டும். அப்படி ஒருவரைக் கண்டாலும் அவர் வந்ததும் இதே காரணத்துக்குத்தானே. போகமுன் தொலைபேசியில் எந்த நாள், எந்த மொழி, திறந்த கூட்டமா என்று கேளுங்கள். திறந்த கூட்டமென்றால் நீங்களும் கூடப் போய் இருக்கலாம். மொழி ஒத்துவராவிட்டால் ஓரிரண்டு இடம் மாறிப் பார்க்கட்டும். முதல் நாளே பிடிக்கவில்லை என்பார், அதைத் தீர்ப்பாக எடுக்கவேண்டாம். கடை பூட்டி 100ஆம் இலக்க பஸ் ஏறும் அந்தப் பின்னேரம்தான் அவருக்குக் கண்டம், ஆகவே மாலை நேரக் கூட்டமே நல்லது. சம்பள நாளில் கட்டாயம்.

சுமித்ரயோ என்ற தொண்டு அமைப்பு குடி, போதைப் பிரச்சினை உள்ளவர்களுக்காக நடத்தும் மெல் மெதுர என்ற நிலையம் கொழும்பு 7, ஹோர்ட்டன் பிளேஸில் இருக்கிறது. இலவசமாக, இரகசியம் காத்துக் கதைப்பார்கள், குடிப்பவரோடு மட்டுமல்ல, வீட்டாரோடும். அவர் இன்னும் இழுத்தடித்தால் அவருக்காகக் காத்திருக்காமல் இந்தக் கிழமையே நீங்கள் தனியாக ஒருமுறை போய் வாருங்கள்.