பாண்டியில நம்ம காலேஜ் லைப்ரரியில இல்லாத புக்கை வேற லைப்ரரியிலேர்ந்து வரவழைக்க முடியுமா?

முடியும்ங்க, ஆனா நீங்க நேரா போய் கேட்டா தர மாட்டாங்க, ஒரு லைப்ரரி இன்னொரு லைப்ரரிக்குத்தான் கடன் கொடுக்கும், பொறுப்பும் உங்க லைப்ரரி தலையிலதான். மொதல்ல இண்ட்கேட்னு தேடிப் பாருங்க, யுஜிசியோட இன்ஃப்லிப்நெட் மையம் நடத்துற கூட்டுப் பட்டியல், எந்த யுனிவர்சிட்டியில எந்தப் புக் இருக்குன்னு ஃப்ரீயாவே காட்டும். அப்புறம் உங்க லைப்ரரியன்கிட்ட "டெல்நெட் மெம்பரா சார் நாம?"னு கேளுங்க. லைப்ரரிங்க ஒண்ணுக்கொண்ணு புக் பகிர்ந்துக்கிற நெட்வொர்க் அது, 1988ல டெல்லியில ஆரம்பிச்சது, உங்க லைப்ரரி மெம்பரா இருந்தா ரிக்வெஸ்ட் போட்டு வரவழைப்பாங்க. ஒரே ஒரு கட்டுரைதான் வேணும்னா புக்கே வேண்டாம், ஸ்கேன் காப்பி கேட்டாலே போதும்.

பழைய அரிய புக்னா வெளிய அனுப்பவே மாட்டாங்க, அது நியாயம்தான். பிரெஞ்சு இன்ஸ்டிட்யூட்ல இருக்கிற சைவ ஓலைச்சுவடிங்க 2005ல யுனெஸ்கோ உலக நினைவுப் பட்டியல்ல ஏறினது, அதையெல்லாம் யார் பார்சல் போடுவா? காலேஜ் லெட்டரோட போய் அங்கயே உக்காந்து படிக்கலாமான்னு கேளுங்க. பொதுநூலகம் பக்கமும் எட்டிப் பாருங்க, ரோமன் ரோலண்ட் லைப்ரரி 1827லேர்ந்து இருக்கு, நிறைய பேர் அங்க தேடாமலே டெல்லிக்கு ரிக்வெஸ்ட் போட ஓடுறாங்க.