வடத்துக்கு நேரே நிற்காதீர்கள்: கடற்படை இழுவைக் கப்பல் பற்றிய கேள்வி பதில்

கடற்படை இழுவைக் கப்பலில் (நாங்கள் ‘டக்’ என்போம்) பல வருடம் வேலை பார்த்துவிட்டு இப்போது குன்னூரில் ஓய்வில் இருக்கிறேன். எங்கள் ஊர்ப்பக்கத்து ஆட்கள் அனுப்பிய கேள்விகளுக்கு முடிந்தவரை பதில் சொல்கிறேன்.

கோத்தகிரி: துறைமுக டக்குக்கும் கடற்படையின் பெரிய டக்குக்கும் என்ன வித்தியாசம் ஐயா?

துறைமுக டக் வேலை முடிந்தால் கரைக்கு வந்துவிடும். கடலோடும் டக் வாரக்கணக்கில் திரும்பாது. எரிபொருள், குடிதண்ணீர், தீயணைக்கும் பம்பு, முக்குளிப்பவர்களின் சாமான் எல்லாம் அதிலேயே இருக்க வேண்டும். இரண்டாம் உலகப் போரில் அமெரிக்கக் கடற்படை ஓட்டிய நவாஹோ வகுப்பு டக்குகளை எடுத்துக்கொள்ளுங்கள். 205 அடி நீளம், சுமார் 3,000 குதிரைத்திறன், ஒரே ஒரு புரொப்பெல்லர். டீசல் என்ஜின் புரொப்பெல்லரை நேராகச் சுற்றாது. அது ஜெனரேட்டரைச் சுற்றும், அந்த மின்சாரத்தில் மோட்டார் ஓடும். ஏன் இந்தச் சுற்றுவழி என்றால், பாரக் கப்பல் முதலில் அசையவே அசையாது. அந்த ஊர்ந்துபோகும் வேகத்தில் முழு பலத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்ட மோட்டார்தான் தோது.

ஊட்டி: எத்தனை எச்.பி. இருக்கும்?

மேலே இருக்கிறது.

கூடலூர்: நம் கடற்படை டக்குகளுக்கு யானைப் பெயராமே?

ஆமாம். ஐ.என்.எஸ். கஜ், ஐ.என்.எஸ். மாதங்கா, இரண்டும் யானைதான். தெப்பக்காட்டுக் கும்கியைப் பார்த்து வளர்ந்த உங்களுக்குக் காரணம் சொல்ல வேண்டியதில்லை. அமெரிக்கர்கள் பழங்குடிகளின் பெயரை வைத்தார்கள்: நவாஹோ, சூனி, பாணீ.

மேட்டுப்பாளையம், லாரி ஓட்டுநர்: அண்ணே, மலைப்பாதையில் நின்றுபோன வண்டியைக் குட்டையாகக் கட்டித்தான் இழுப்போம். நீளமாகக் கட்டினால் வளைவில் சுவரில் போய் இடிக்கும். கடலில் மட்டும் ஏன் வடத்தைச் சில நூறு மீட்டர் நீளம் விடுகிறீர்கள்?

இன்றைக்கு வந்ததிலேயே நல்ல கேள்வி இதுதான். ரோடு அசையாது தம்பி, கடல் அசையும். டக் அலைமேல் ஏறும்போது பின்னால் வரும் கப்பல் பள்ளத்தில் இறங்கினால் நடுவில் இருக்கும் வடம் வெடுக்கென்று விறைக்கும். அந்த ஒரு வெட்டில் எஃகு வடமே அறுந்துவிடும். நீளமாக விட்டால் தன் எடையாலேயே தண்ணீருக்குள் தொங்கும். அலை இழுக்கும்போது அந்தத் தொங்கல் நிமிர்ந்து கொடுக்கும், விட்டதும் திரும்பத் தொங்கும். ஸ்பிரிங் மாதிரி. இரண்டு கப்பலும் ஒரே நேரத்தில் அலைமேல் ஏறும்படி நீளத்தைக் கூட்டிக் குறைக்கத்தான் பின்தளத்தில் வடத்தைச் சுற்றும் பெரிய வின்ச் இருக்கிறது.

அதே ஓட்டுநர்: தொங்கினால் இழுக்கும் பலம் வீணாகாதா?

ஆகாது. துணிக்கொடியை விறைப்பாகக் கட்டி நடுவில் ஒரு ஈரப் போர்வையைப் போடுங்கள், ஆணியே பிடுங்கிக்கொண்டு வரும். கொஞ்சம் தொய்வாகக் கட்டினால் தாங்கும். (குன்னூரில் போர்வை காயாது, அது வேறு கதை.)

அருவங்காடு: குறுக்கே வருவதற்கு மன்னிக்கவும். மலை ரயிலில் என்ஜின் பின்னாலிருந்துதானே தள்ளுகிறது? டக்கும் தள்ளலாமே?

ரயிலுக்குத் தண்டவாளம் இருக்கிறது, நடுவில் பல்சக்கரத் தடம் இருக்கிறது, பெட்டி ஓடிப்போகாது. துறைமுகத்தின் அமைதியான தண்ணீரில் டக் தள்ளத்தான் செய்கிறது. நடுக்கடலில் தள்ளினால் இரண்டு கப்பலும் மோதி மோதி நசுங்கும்.

வெலிங்டன், கல்லூரி மாணவி: டக் கவிழ்வது உண்டா?

உண்டு. நாங்கள் பயந்தது இதற்குத்தான். டக் சுலபமாகத் திரும்ப வேண்டும் என்பதற்காக வடத்தைப் பின்நுனியில் மாட்டாமல் கப்பலின் நடுப்பக்கமாக மாட்டுகிறார்கள். பின்னால் வருவது பக்கவாட்டில் முந்திவிட்டால் வடம் டக்கைக் குறுக்காக இழுத்துச் சாய்த்துவிடும். அதற்காகவே கொக்கியை நொடியில் விடுவிக்கும் ஏற்பாடு உண்டு. இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன்: விறைத்த வடத்துக்கு நேராக ஒருபோதும் நிற்கக் கூடாது. என் கண்ணெதிரே ஒரு நைலான் வடம் அறுந்து, இரும்புக் கைப்பிடிக் கம்பியை வில்லாக வளைத்தது. நல்லவேளை, அங்கே யாரும் இல்லை.

ஊட்டி: போரில் டக் என்ன செய்யும்? எத்தனை எச்.பி.?

எச்.பி.யை விடுங்கள். 1944 அக்டோபர் 14, தைவான் கடலில் ஹூஸ்டன் என்ற அமெரிக்கப் போர்க்கப்பல் டார்ப்பிடோவில் (தண்ணீருக்குள் பாய்ந்துவரும் குண்டு) அடிபட்டது. முதலில் இன்னொரு போர்க்கப்பல் இழுத்தது, பிறகு பாணீ டக் வாங்கிக்கொண்டது. 16-ஆம் தேதி, இழுவையில் இருக்கும்போதே, இரண்டாவது டார்ப்பிடோ. ஹூஸ்டனுக்குள் ஆயிரக்கணக்கான டன் தண்ணீர். பாணீ வடத்தை அறுத்துக்கொண்டு போயிருக்கலாம். ‘உங்களோடு நிற்போம்’ என்று பாணீ சமிக்ஞை அனுப்பியது. 27-ஆம் தேதி பசிபிக் கடலில் இருக்கும் உலித்தி தீவில் கொண்டுபோய்ச் சேர்த்தார்கள்.

கொடைக்கானல்: போருக்குப் பிறகு அவை என்ன ஆயின?

பல, வேறு நாட்டுக் கடற்படைகளுக்குப் போயின. சூனி 1946-இல் அமெரிக்கக் கடலோரக் காவல்படைக்குப் போய் டமரோவா என்று பெயர் மாறியது. 1991 அக்டோபர் புயலில் ஒரு பாய்மரப் படகின் 3 பேரை மீட்கும் வேலையில் பங்கெடுத்தது, கடலில் இறங்கிய ஹெலிகாப்டரின் 5 பேரில் 4 பேரைக் காப்பாற்றியது. கட்டி ஏறக்குறைய 50 வருடம் ஆன கப்பல்! 2017-இல் மீன்கள் தங்கட்டும் என்று கடலில் மூழ்கடித்தார்கள்.

குன்னூர்: என் பையனைக் கடற்படையில் சேர்க்க என்ன செய்யணும் சார்?

கடற்படையின் ஆள்சேர்ப்பு இணையதளத்தைப் பாருங்கள். புரோக்கரிடம் போகாதீர்கள்.

மேட்டுப்பாளையம், லாரி ஓட்டுநர்: சரி அண்ணே, அடுத்த தடவை நானும் நீளமாகக் கட்டிப் பார்க்கட்டுமா?

ஐயோ, வேண்டாம். பர்லியார் வளைவில் அலை அடிப்பதில்லை. குட்டையாகவே கட்டுங்கள், கிளீனர் பையனைச் சங்கிலிக்கு நேரே நிற்க மட்டும் விடாதீர்கள்.