ஆஞ்சியோல அடைப்பு இல்ல, அப்போ வந்தது என்ன?

கேள்வி: டாக்டர், என் அக்காவுக்கு 42 வயசு. சுகர், பிரஷர், கொலஸ்ட்ரால் எதுவுமே இல்ல. போன மாசம் நெஞ்சுவலின்னு அட்மிட் பண்ணினோம், ஈசிஜியும், ட்ரோபோனின்னு ஒரு ரத்தப் பரிசோதனையும் பார்த்துட்டு ஹார்ட் அட்டாக்னாங்க. ஆனா ஆஞ்சியோல அடைப்பே இல்லயாம். வீட்ல எல்லாரும் வெறும் டென்ஷன்தான்னு சொல்றாங்க. மாத்திரைய நிறுத்திடலாமா?

பதில்: நிறுத்தவே கூடாதும்மா, முதல்ல அத அக்காகிட்ட சொல்லுங்க. நெஞ்சுவலி, ஈசிஜி மாற்றத்தோட ட்ரோபோனினும் ஏறியிருக்குன்னா இதய தசை அடிபட்டிருக்குன்னு அர்த்தம், அடைப்பு இல்லங்கறதால அது டென்ஷன் ஆயிடாது. இப்படி அடைப்பில்லாம வர்ற அட்டாக் ஆண்களவிட பெண்களுக்குத்தான் அதிகம், அவங்களத்தான் ஒண்ணுமில்லன்னு வீட்டுக்கு அனுப்பிடுறாங்க, எனக்கு ரொம்ப வருத்தமான விஷயம் இது.

அக்கா வயசுல நான் முதல்ல சந்தேகப்படறது ஸ்கேட் (SCAD)ங்கற பிரச்சனைய. இதயத்துக்குப் போற ரத்தக்குழாயோட உள்சுவர் தானாவே கிழிஞ்சு, சுவருக்குள்ள ரத்தம் இறங்கி வீங்கி, ரத்தம் போற பாதைய நெருக்கிடும். கொழுப்புக்கும் இதுக்கும் சம்பந்தமில்ல. 50 வயசுக்குக் கீழ இருக்கற பெண்களுக்கு வர்ற அட்டாக்ல கால் பங்கு வரைக்கும், சில ஆய்வுகள்ல அதுக்கு மேலயும் இதுதான் காரணம், கர்ப்ப காலத்துலயும் பிரசவம் ஆன புதுசுலயும்கூட வரும். ஆஞ்சியோல குழாய் கொஞ்சம் ஒல்லியா இருக்கற மாதிரி மட்டும் தெரியறதால கண்ணுக்குத் தப்பிடும். பெரும்பாலும் தானாவே ஆறிடும், ஸ்டென்ட் வச்சா கிழிசல் நீளக்கூடும்னு முடிஞ்சவரை தவிர்ப்போம்.

ரத்தக்குழாய் திடீர்னு இறுகிக்கறது, ஆஞ்சியோல தெரியாத நுண்குழாய்கள்ல கோளாறு, இதெல்லாமும் காரணமா இருக்கலாம். பெரிய துக்கமோ அதிர்ச்சியோ வந்ததும் இதயத்தோட கீழ்ப்பகுதி பலூன் மாதிரி உப்பி அட்டாக் போலவே காட்டற டகோட்சுபோவும் உண்டு, அது மாதவிடாய் நின்ன பெண்களுக்குத்தான் அதிகம்.

இன்னொண்ணு, அக்காவுக்குக் கர்ப்பத்துல பிரஷர் ஏறுச்சா, சுகர் வந்துச்சா, 40க்கு முன்னாடியே மாதவிடாய் நின்னுடுச்சா, உடம்போட எதிர்ப்புசக்தியே உடம்பத் தாக்கற லூபஸோ முடக்குவாதமோ இருக்கா? கர்ப்பத்துல பிரஷர் ஏறி வர்ற ப்ரீஎக்ளாம்சியா, பின்னாடி இதய நோய் வர்ற வாய்ப்ப ஏறக்குறைய ரெண்டு மடங்காக்கும், ஆனா பிரசவம் முடிஞ்சதும் அத எல்லாரும் மறந்துடுறாங்க, யாரும் கேக்கலன்னாலும் நீங்களே சொல்லுங்க.

ஆஞ்சியோ சிடியக் கேட்டு வாங்கி இன்னொரு இதய நிபுணர்கிட்ட காட்டுங்க, கார்டியாக் எம்ஆர்ஐ தேவையான்னும் கேளுங்க. அதுக்குள்ள மறுபடியும் நெஞ்சு அழுத்தமோ, தாடை, முதுகு வலியோ, மூச்சுத்திணறலோ, குமட்டலோட வேர்வையோ வந்தா யோசிக்காம உடனே ஆம்புலன்ஸ கூப்பிடுங்க.