ஓர் ஓவியர் விற்காமல் தன்னிடமே வைத்துக்கொண்ட ஓவியங்களைப் போய்ப் பார்க்க வேண்டுமா?

"எங்கள் பக்கத்து ஊரில் ஓர் ஓவியர் தம் சொந்தச் சேகரிப்பிலுள்ள ஓவியங்களை மட்டும் கண்காட்சியாக வைக்கப் போகிறார். வாங்க ஆளில்லாமல் வீட்டில் தங்கிவிட்டவைதானே அவை? மெனக்கெட்டுப் போய்ப் பார்க்க அவற்றில் என்ன இருக்கிறது?" என்று கேட்டிருக்கிறீர்கள்.

கட்டாயம் போய்ப் பாருங்கள். வாங்க ஆளில்லாமல் தங்கிப்போனவை சில இருக்கத்தான் செய்யும். ஆனால், கைமாற்று வாங்கிக் காலம் தள்ளிய நாட்களிலும் விற்க மறுத்து, வீடு மாறும்போதெல்லாம் பழைய சேலையில் சுற்றிக் கூடவே தூக்கிக்கொண்டு போன ஓவியங்களும் அவற்றோடு இருக்கும். அவற்றைப் பார்க்க உங்களுக்கு இன்னொரு வாய்ப்பு கிடைப்பது அரிது.

நான் அரசுப் பள்ளி ஒன்றில் ஓவிய ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவன். இதேபோன்ற ஒரு கண்காட்சிக்கு ஓவியங்களை மாட்டிக் கொடுக்கும் வேலை சென்ற ஆண்டு எனக்கு வாய்த்தது. அந்த ஓவியர் சென்னை ஓவியக் கல்லூரியில் படித்துவிட்டுக் காங்கேயத்துப் பக்கம் சொந்த ஊருக்கே திரும்பி வந்தவர். எழுபது வயதைத் தாண்டியவர். பேர் சொல்வதை விரும்பமாட்டார். ஆடி மாதத்தில் முகூர்த்தம் இல்லை என்பதால் ஒரு கல்யாண மண்டபத்தின் பந்திக் கூடத்தைக் குறைந்த வாடகைக்குக் கொடுத்தார்கள். பாலக்காட்டுக் கணவாய் வழியாக வரும் ஆடிக் காற்று சன்னலைத் திறந்த நிமிடத்திலேயே சட்டங்களைச் சுவரில் மோத வைத்ததால், ஒவ்வொரு சட்டத்தின் கீழ் மூலைக்கும் பின்னால் சைக்கிள் டியூப் துண்டு ஒட்டி, அறுபத்திரண்டு ஓவியங்களை இரண்டு நாட்களில் மாட்டி முடித்தோம். அந்த இரண்டு நாட்களில் நான் கற்றுக்கொண்டதைத்தான் உங்களுக்குச் சொல்ல விரும்புகிறேன்.

அவருடைய ஓவியங்களில் ஊருக்குத் தெரிந்தவை கொறங்காட்டு ஓவியங்கள். வெளியூரில் இருந்து படிப்பவர்களுக்காகச் சொல்கிறேன்: கொறங்காடு என்பது எங்கள் பகுதியின் மேய்ச்சல் நிலம். கொழுக்கட்டைப் புல்லும் ஆங்காங்கே வெள்வேல மரமும் இருக்கும். சுற்றிலும் முள்கிளுவையை உயிர்வேலியாக நட்டிருப்பார்கள். உள்ளே காங்கேயம் மாடுகள் மேயும். பிறக்கும்போது செம்பழுப்பாக இருந்து, வளர வளரச் சாம்பல் நிறத்துக்கு மாறும் அந்தக் கன்றுகளை அவர் வரைந்த அளவுக்கு வேறு யாரும் கவனித்து வரைந்து நான் பார்த்ததில்லை. சித்திரையில் கண்ணபுரம் மாட்டுச் சந்தைக்கு வருகிறவர்களில் சிலர் அவர் வீட்டைத் தேடிப் போய் ஓவியம் வாங்கியதும் உண்டு. நான் பார்த்த வீடுகளிலும் அலுவலகங்களிலும் தொங்கும் அவருடைய கொறங்காடுகள் எல்லாவற்றிலும் கிளுவை வேலி நல்ல பச்சையாக, மழை பெய்து முடிந்த மறுவாரம் போல இருக்கும்.

அவர் தன்னிடம் வைத்துக்கொண்டிருந்த கொறங்காட்டில் வேலியே வரையப்படவில்லை. புல்லுக்கு மங்கிய மஞ்சளும், மண்ணுக்குச் செம்மண் நிறமும், மாட்டின் திமிலுக்குக் கருஞ்சாம்பலும் பூசியவர், வேலி இருக்க வேண்டிய இடத்தில் துணியை அப்படியே விட்டிருக்கிறார். இரண்டு பக்கத்து வண்ணமும் வந்து நிற்கும் ஓரங்களில் மட்டும் முள்ளின் கூர்மை தெரிகிறது. கோடையில் கிளுவை இலையெல்லாம் உதிர்த்துவிட்டு வெளிறிய குச்சிகளாக நிற்பதைப் பார்த்தவர்களுக்கு, அந்த வெறுந்துணி எப்படி வேலியாகிவிடுகிறது என்பது சொல்லாமலே புரியும். பத்தடி தள்ளி நின்றால் வேலி. பக்கத்தில் போனால் இழை இழையாகத் தெரியும் ஈரோட்டுக் காடா துணி. அதற்குப் பக்கத்தில் மாட்டியிருந்த பிந்தைய ஓவியங்களைப் பார்த்தபோது, வெயிலுக்கும் வெள்ளாட்டின் வயிற்றுக்கும் வறண்ட ஓடைக்கும் அவர் அதே முறையில் துணியை விட்டுவைத்திருப்பது கண்ணில் பட்டது.

"ஏனுங்கண்ணா, இத்தனை பேர் கேட்டும் இதை மட்டும் ஏன் கொடுக்கலை?" என்று கேட்டேன்.

"இதைப் பார்த்துத்தானுங்க வாத்தியாரே மத்ததெல்லாம் போட்டேன். இதைக் குடுத்துட்டா அப்புறம் எதைப் பார்த்துப் போடறது?" என்றார்.

பச்சை வேலி வாங்குகிறவர்கள் கேட்டது என்பதையும், அதை வரைந்து கொடுத்ததில் தனக்கு வருத்தம் ஒன்றும் இல்லை, அதில்தான் இரண்டு பெண்களைப் படிக்க வைத்தேன் என்பதையும் சேர்த்தே சொன்னார்.

இது எங்கள் ஊர்க்காரர் ஒருவருக்கு மட்டும் உள்ள பழக்கம் என்று நினைத்துவிடாதீர்கள். இங்கிலாந்தின் டர்னர் 1839-இல் காட்சிக்கு வைத்த 'டெமரேர்' போர்க்கப்பல் ஓவியத்தை யாருக்கும் விற்க மறுத்துச் சாகும்வரை தன்னிடமே வைத்திருந்தார். முன்பு விற்றிருந்த ஓவியம் ஒன்றை 1827-இல் ஏலத்தில் தானே திரும்ப வாங்கினார். 1851-இல் அவர் மறைந்தபின் சுமார் 300 எண்ணெய் வண்ண ஓவியங்களும் பல்லாயிரம் நீர்வண்ணங்களும் கோட்டோவியங்களும் அந்த நாட்டுக்குச் சேர்ந்தன. பிக்காசோ 1973-இல் மறைந்தபோது அவர் கைவசம் இருந்த படைப்புகளில் ஒரு பெரும்பகுதியை வாரிசுகள் வரிக்கு ஈடாக பிரெஞ்சு அரசிடம் கொடுத்தார்கள். 1985-இல் பாரிஸில் திறந்த பிக்காசோ அருங்காட்சியகத்துக்கு அடித்தளம் அவைதான். வாங்க ஆளில்லாத ஓவியர் என்று அவரை யாரும் சொல்லமாட்டார்கள்.

நம் பக்கத்து உதாரணம் ஒன்றும் உண்டு. 1911-இல் கோயம்புத்தூரில் பிறந்து, சென்னை ஓவியக் கல்லூரியின் முதல்வராக இருந்து, 1966-இல் சோழமண்டலம் ஓவியர் கிராமத்தை உருவாக்கிய கே.சி.எஸ். பணிக்கரின் ஓவியங்களைத் திருவனந்தபுரத்து அருங்காட்சியக வளாகத்தில் அவர் பெயரிலேயே உள்ள கூடத்தில் பார்க்கலாம். பழைய இயற்கைக் காட்சிகளில் தொடங்கி, எழுத்தும் கட்டமும் குறியீடுமாக நிறைந்த 'சொற்களும் குறியீடுகளும்' வரிசைக்கு அவர் எப்படி வந்து சேர்ந்தார் என்பது அங்கே ஒரே கூரையின் கீழ் தெரியும். தனித்தனியாக ஒவ்வொன்றைப் பார்த்திருந்தால் அந்த வழி எனக்குப் புலப்பட்டிருக்காது. அவர் பிறந்த ஊரில் அப்படி ஒரு கூடம் இல்லையே என்ற ஏக்கம் எனக்கு உண்டு.

முடிந்தால் ஓவியத்தின் பின்பக்கத்தையும் காட்டச் சொல்லிக் கேளுங்கள். விற்பனைக் கண்காட்சியில் கேட்டால் தயங்குவார்கள். சொந்தச் சேகரிப்பில் பெரும்பாலும் காட்டுவார்கள். எங்கள் கண்காட்சியில் ஓர் ஓவியத்தைப் பின்பக்கம் தெரியும்படியே மேசைமேல் நிமிர்த்தி வைத்திருந்தோம். அதில் பென்சிலில் எழுதிய தேதி, 1,500 என்று எழுதி அடித்த விலை, அதன் கீழே "இல்லை" என்ற ஒற்றைச் சொல், இவற்றோடு மிளகு சிதறினாற்போல் பூஞ்சைப் புள்ளிகளும் இருந்தன. காரணம் துணியில் இருந்தது. தறியில் ஏற்றும் முன் பாவு நூலுக்குக் கஞ்சி போடுவார்கள். எங்கள் பக்கத்தில் அது பெரும்பாலும் மரவள்ளி மாவுக் கஞ்சி. தறியிலிருந்து இறங்கிய காடா துணியில் அந்தக் கஞ்சி அப்படியே இருக்கும். விலை கொடுத்துக் கேன்வாஸ் வாங்க முடியாத காலத்தில் காடா துணியை நேரடியாகச் சட்டத்தில் இழுத்து அடித்து, பெவிகாலும் வெள்ளைப் பொடியும் கலந்து அடிப்பூச்சு பூசியிருக்கிறார். ஐப்பசி மழையின் ஈரத்தில் பூஞ்சை கஞ்சியைப் பிடித்துக்கொண்டது. பிறகு துணியைச் சோடாக் காரத்தில் வேகவைத்து நன்றாக அலசிய பின்பே அடிக்கக் கற்றுக்கொண்டார். அதற்குப் பிந்தைய ஓவியங்களின் முதுகு இன்றும் சுத்தமாக இருக்கிறது. பள்ளிப் பிள்ளைகள் கூட்டமாக நின்று பார்த்தது இந்த முதுகுப் பக்கத்தைத்தான். அவர்களில் பலர் விசைத்தறி ஓட்டும் வீட்டுப் பிள்ளைகள் என்பதால், கஞ்சியைப் பற்றி எனக்கே அவர்கள் சொல்லிக் கொடுத்தார்கள்.

குறைகளையும் மறைக்க வேண்டியதில்லை. அறுபத்திரண்டு ஓவியங்கள் அதிகம். நாற்பது போதும் என்று நான் சொன்னதை அவர் கேட்கவில்லை. கடைசிப் பத்து ஆண்டுகளில் வரைந்த அக்ரிலிக் ஓவியங்கள் பலவற்றில் கை வேகமாக ஓடியிருக்கிறதே தவிர, கண் நின்று பார்க்கவில்லை. தன் மனைவியை அவர் வரைந்த சிறிய உருவப்படத்தை ஓவியம் என்ற வகையில் சாதாரணமானதென்றுதான் சொல்வேன். இருந்தாலும் கூடத்தின் நடுச்சுவரை அதற்கே கொடுத்துவிட்டுச் சற்று நேரம் அங்கேயே நின்றார். எதை வைத்துக்கொள்வது என்று முடிவு செய்வதில் கலை மட்டுமே கணக்கில் வராது என்பதை அங்கே பார்த்தேன். அந்தப் படத்தை எடுத்துவிடலாம் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

நீங்கள் போகும்போது ஓவியர் கூடத்தில் இருக்கும் நேரத்தை விசாரித்துக்கொண்டு போங்கள். முதல் சுற்றில் தேதிகளை மட்டும் பார்த்துக்கொண்டே நடங்கள். எந்த ஆண்டுகளிலிருந்து ஒரே ஓர் ஓவியம்கூட இல்லையோ, அதைப் பற்றி மரியாதையாகக் கேளுங்கள். இரண்டாவது சுற்றில், எதை யாருக்கும் கொடுக்க மறுத்தார் என்று கேட்டு, அதன்முன் பதினைந்து நிமிடமாவது நில்லுங்கள். கூடத்தில் குழல்விளக்கு மட்டும் இருந்தால் பகலிலேயே போய்விடுங்கள். எங்கள் மண்டபத்தில் மாலை ஆறு மணிக்கு விளக்கைப் போட்டதும், அந்த வெறுந்துணி வேலி நீலம் பாய்ந்து சுவர்போல் தட்டையாகிவிட்டது. காலையில் கிழக்குச் சன்னலைத் திறந்தபோது மறுபடியும் முள் தெரிந்தது.