வெப்பத்தை விரும்பும் பாக்டீரியாக்களை அறிவியலில் எப்படி அழைக்கிறார்கள்?

தெர்மோஃபைல் என்பதுதான் நீங்கள் தேடும் சொல். கிரேக்கத்தில் 'தெர்மே' என்றால் வெப்பம், 'ஃபிலோஸ்' என்றால் விருப்பமுள்ள. தமிழில் வெப்பவிரும்பி என்கிறோம். பெயர் மிகப் பொருத்தம்: இவை சூட்டைச் சகித்துக்கொள்பவை அல்ல, சூடு இல்லாவிட்டால் சரியாக வளராதவை. பொதுவாக 45 முதல் 80 டிகிரி செல்சியஸ் வரை இவற்றுக்கு உகந்தது. அதற்கும் மேலே செழிப்பவை அதீத வெப்பவிரும்பிகள். அவற்றில் பெரும்பாலானவை பாக்டீரியா அல்ல, ஆர்க்கியா என்ற தனி நுண்ணுயிர்ப் பிரிவு.

நம் உடலின் புரதங்கள் குலைந்துபோகும் சூட்டில் இவற்றின் புரதங்கள் எப்படித் தாங்குகின்றன? இறுக்கமாக மடிந்திருப்பதும், உள்ளே மின்னூட்டப் பிணைப்புகள் அதிகமாக இருப்பதும் முக்கியக் காரணங்கள்.

என்னை மிகவும் வியக்கவைப்பது தெர்மஸ் அக்வாட்டிகஸ். அமெரிக்காவின் யெல்லோஸ்டோன் வெந்நீர் ஊற்றுகளில் தாமஸ் பிராக்கும் ஹட்சன் ஃப்ரீஸும் கண்டறிந்து, 1969-இல் விவரித்த பாக்டீரியா இது. டிஎன்ஏவைப் பல மடங்கு நகலெடுக்கும் பிசிஆர் முறையில், அதன் இழைகளைப் பிரிக்க ஒவ்வொரு சுற்றிலும் சுமார் 95 டிகிரிக்குச் சூடாக்குவார்கள்; நகலெடுக்கும் சாதாரண நொதி முதல் சுற்றிலேயே செயலிழந்துவிடும். இந்த பாக்டீரியாவின் டாக் பாலிமரேஸ் நொதியோ சுற்றுக்குச் சுற்று தாக்குப்பிடிக்கிறது. கொரோனா பரிசோதனை வரை பரவிய முறை அது!