மிக்ஸி சத்தத்துக்கே காதைப் பொத்துகிற மகனை விமானத்தில் அழைத்துப் போகலாமா?

கேள்வி: மகனுக்கு 7 வயது, ஆட்டிசம். மிக்ஸி ஓடினாலே காதைப் பொத்திக்கொண்டு கத்துவான். பொங்கல் விடுமுறையில் சென்னையிலிருந்து டெல்லிக்கு விமானத்தில் போகிறோம். தூக்க மருந்து கொடுத்துவிடச் சொல்கிறார்கள். கொடுக்கலாமா? (வாசகி, தாம்பரம்)

பதில்: நீங்களாகக் கொடுக்கவே வேண்டாம். தூக்கம் வரவழைக்கும் மருந்து சில பிள்ளைகளுக்கு நேர்மாறாக வேலை செய்து, பரபரப்பைக் கூட்டிவிடும். மருத்துவர் எழுதிக் கொடுத்தாலும், அவரைக் கேட்டுக்கொண்டு முதலில் வீட்டில் ஒருமுறை கொடுத்துப் பாருங்கள்.

இப்படிப்பட்ட பிள்ளைகளுக்குப் பறப்பதைவிட, அதற்கு முன்னால் வரும் வரிசையும் சோதனையும்தான் பெரும்பாடு. டிக்கெட் இல்லாமல் விமான நிலைய முனையத்துக்குள் பொதுவாக விடமாட்டார்கள், அதனால் அங்கே போய் முன்கூட்டியே பழக்க முடியாது. ஆனால் மெட்ரோ ரயில் நிலையத்தில் பையை எக்ஸ்ரே பெல்ட்டில் வைப்பது, மெட்டல் டிடெக்டர் வாசலில் நுழைவது, அறிவிப்புச் சத்தம் எல்லாமே உண்டு. மூன்று நான்கு தடவை கூட்டிப் போங்கள். கையில் பிடித்திருக்கும் பொம்மையும் பெல்ட்டுக்குள் போய் மறுபக்கம் வரும் என்பதை அவனே பார்த்துப் பழகட்டும். இது தெரியாத பிள்ளை அங்கேதான் உடைந்து அழும். காதை மூடும் இயர்மஃப் வாங்குவதானால் இப்போதே வாங்கி, வீட்டில் மிக்ஸி ஓடும்போது போட்டுப் பழக்குங்கள். சோதனையில் அதையும் கழற்றச் சொல்வார்கள்.

புறப்பாட்டுக்கு 48 மணி நேரம் முன்னதாகவே விமான நிறுவனத்திடம் சொல்லி, டிக்கெட்டில் 'டி.பி.என்.ஏ.' என்ற குறியீட்டைச் சேர்க்கச் சொல்லுங்கள். அறிவுசார் அல்லது வளர்ச்சிக் குறைபாடு உள்ள பயணிக்கு உதவி தேவை என்பது அதன் பொருள். வெறுமனே "உதவி வேண்டும்" என்று சொன்னால், நன்றாக நடக்கிற பிள்ளைக்கும் சக்கர நாற்காலி வந்து நிற்கும்.

முதலில் ஏறச் சொல்லி அழைப்பார்கள். உங்கள் மகனுக்கு அது சரிவராது. நகராத விமானத்தில் அரைமணி நேரம் உட்கார வேண்டிவரும். ஒருவர் பைகளோடு முன்னால் போகட்டும், மற்றவர் அவனோடு கடைசியில் ஏறட்டும். விமானம் ஏறும் கேட்டில் உள்ள ஊழியரிடம் முன்பே சொல்லி வையுங்கள். இறக்கைக்கு முன்னால் உள்ள இருக்கைகளில் இன்ஜின் சத்தம் குறைவு.

மேலே எழும்பியதும் சக்கரம் மடங்கும்போது காலடியில் 'தட்' என்று கேட்கும். கழிப்பறை ஃப்ளஷ் திடீரென்று உறிஞ்சி இரையும். பல பிள்ளைகள் மிரள்வது இதற்குத்தான். அவனை வெளியே அனுப்பிவிட்டு நீங்கள் அழுத்துங்கள். தரையிறங்க ஏறக்குறைய அரைமணி இருக்கும்போதே காது அடைக்கத் தொடங்கும். தூங்கினால் எழுப்பி, ஸ்ட்ராவில் மெதுவாக ஏதாவது குடிக்கக் கொடுங்கள்.

கேள்வி: மகளுக்கு 9 வயது, செரிப்ரல் பால்சி (மூளை பாதிப்பால் உடல் அசைவில் வரும் குறைபாடு). அவளுடைய சொந்தச் சக்கர நாற்காலியிலேயே போகலாமா? (வாசகர், மதுரை)

பதில்: விமானத்தின் வாசல் வரை போகலாம். உள்ளே நடைபாதை ஒடுக்கம் என்பதால், அங்கிருந்து இருக்கை வரை குறுகலான நாற்காலி ஒன்றில் மாற்றி அழைத்துப் போவார்கள். முன்பதிவிலேயே 'டபிள்யூ.சி.எச்.சி.' என்று கேளுங்கள். நடக்கவே இயலாதவர்களுக்கான குறியீடு அது. முனையத்திலிருந்து நேரே விமானத்துக்குள் போகும் ஏரோபிரிட்ஜ் பாலம் இல்லாவிட்டால், நாற்காலியோடு தூக்கி ஏற்றும் அம்புலிஃப்ட் வண்டி உண்டா என்றும் கேளுங்கள். இறங்கும்போது நாற்காலி விமான வாசலுக்கே வர வேண்டும் என்று டேக் போடும்போது சொல்லிவிடுங்கள், இல்லாவிட்டால் அது லக்கேஜ் பெல்ட்டுக்குப் போய்விடும்.

கழற்ற முடிகிற மெத்தை, தலைத்தாங்கி, கால்பலகை எல்லாவற்றையும் பையில் போட்டு உங்களோடு எடுத்துச் செல்லுங்கள். சரக்கறையில் தொலைவது இவைதான். மடக்கும் முறையை ஒரு தாளில் எழுதி நாற்காலியில் ஒட்டி, ஒப்படைக்கும் முன் நாலு பக்கமும் போட்டோ எடுங்கள். பேட்டரி நாற்காலி என்றால் பேட்டரியின் வகையையும், அதன் மின்சேமிப்பைக் காட்டும் வாட்-மணி (Wh) அளவையும் முன்கூட்டியே தெரிவிக்க வேண்டும். கழற்றக்கூடிய லித்தியம் பேட்டரி 300 வாட்-மணிக்குள் இருந்தால், முனைகளில் டேப் ஒட்டி உங்களோடு கேபினுக்குள் எடுத்துப் போக வேண்டும்.

விமானம் மேலே எழும்பும்போதும் தரையிறங்கும்போதும் இருக்கையைச் சாய்க்க விடமாட்டார்கள். மகளுக்கு உடம்பு நிமிர்ந்து நிற்குமா? சுருட்டிய துண்டுகளை எங்கே வைத்தால் சாயாமல் இருப்பாள் என்று பிசியோதெரபிஸ்ட்டை வைத்துச் சாதாரண நாற்காலியில் பார்த்துவிடுங்கள்.

ஊனத்தைக் காட்டி ஏற்ற மறுக்கக் கூடாது என்று விமானப் போக்குவரத்தை ஒழுங்குபடுத்தும் அரசு அமைப்பான டி.ஜி.சி.ஏ. 2022-ல் விதியைத் திருத்தியிருக்கிறது. பயணத்தில் உடல்நிலை மோசமாகலாம் என்று நிறுவனம் கருதினால், மருத்துவர் நேரில் பார்த்துச் சொல்ல வேண்டும். ஊழியர் தானாக முடிவெடுக்க முடியாது.

கேள்வி: மகனுக்கு வலிப்பு உண்டு. விடிகாலை விமானம்தான் மலிவு. போடலாமா? (வாசகி, திருச்சி)

பதில்: வேண்டாம். தூக்கம் கெட்டால் வலிப்பு வர வாய்ப்பு அதிகம். மதிய விமானம் பாருங்கள். அன்றாட மாத்திரை, வலிப்பு வந்தால் அடிக்க மருத்துவர் கொடுத்த மிடாசோலம் ஸ்பிரே, மருந்துச் சீட்டு மூன்றும் கைப்பையில் இருக்கட்டும், லக்கேஜில் போடாதீர்கள்.