சாக்கடையில் விட்ட கூலன்ட்: நோட்டீஸுக்கு எப்படிப் பதில் எழுதுவது?

கேள்வி: காட்பாடி பக்கம் லேத் (உலோகம் கடையும் மெஷின்) பட்டறை வைத்திருக்கிறேன். ஒரு சிஎன்சி (கணினியில் ஓடும் மெஷின்), இரண்டு லேத், ஐந்து ஆட்கள். நாற்றமடித்த கூலன்டை (கடையும்போது சூட்டைத் தணிக்க ஊற்றும் எண்ணெய்-தண்ணீர்க் கலவை) சாக்கடையில் விட்டதாகப் பக்கத்து வீட்டார் புகார் செய்ய, மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் 15 நாளில் விளக்கம் கேட்கிறது. அதில் முக்கால்வாசிக்கு மேல் தண்ணீர்தானே? சின்னப் பட்டறைக்கும் இந்தச் சட்டமா?

பதில்: ‘தண்ணீர்தான்’ என்று மட்டும் எழுதிவிடாதீர்கள். விட்டதை ஒப்புக்கொண்டதாகும், தற்காப்பாக நிற்காது. அபாயகரமான கழிவுகள் விதிகள் 2016-ன் முதல் அட்டவணையில் எண்ணெய் கலந்த கழிவும் இருக்கிறது. சிறிய பட்டறை என்று விலக்கு இல்லை. சேமிப்பில்தான் சலுகை: பொதுவாக 90 நாள், ஆண்டுக்கு 10 டன் வரை கழிவு வருபவர்களுக்கு வாரியம் 180 நாள் வரை நீட்டிக்கலாம். பாலாற்றுத் தோல் தொழிற்சாலைகள் மீதான வேலூர் குடிமக்கள் நல மன்ற வழக்கில், மாசுபடுத்தியவரே அதன் செலவை ஏற்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 1996-லேயே சொல்லிவிட்டது.

முதலில் சாக்கடைக்குப் போகும் குழாய் வாயை சிமென்ட் வைத்து அடைத்துப் படம் எடுங்கள். மூடியுள்ள டிரம்மில் கழிவை ஊற்றி, ஒழுகினால் பிடிக்கத் தட்டின் மேல் நிறுத்தி, மேற்சொன்ன விதிகளின் படிவம் 8 லேபிள் ஒட்டுங்கள். கழிவைக் கையாளும் அனுமதிக்குப் படிவம் 1-ல் விண்ணப்பித்து, அத்தாட்சியைப் பதிலோடு இணையுங்கள். நடந்ததை மறைக்காமல் இரண்டு வரியில் சொல்லி, நேரில் விசாரிக்கவும் கேளுங்கள். வண்டியில் வந்து பழைய எண்ணெய் வாங்குபவரிடம் கொடுப்பதும் மீறல்தான். அங்கீகாரம் பெற்றவரிடம் படிவம் 10 சீட்டோடு (கழிவை ஏற்றி அனுப்பும் சீட்டு) கொடுத்து, படிவம் 3-ல் எழுதிவையுங்கள். ஆண்டு அறிக்கையை ஜூன் 30-க்குள் வாரியத்துக்கு அனுப்புங்கள்.

கூலன்ட் சீக்கிரம் கெடுவதால்தான் இவ்வளவு கழிவு. ஞாயிறு மெஷின் நிற்கும்போது ஸ்லைடுவே எண்ணெய் (மெஷினின் நகரும் தடங்களுக்குப் போடும் எண்ணெய்) கூலன்டின் மேலே ஆடையாகப் படர்ந்து காற்றை அடைக்கிறது. காற்றில்லாமல் வளரும் பாக்டீரியாதான் திங்கட்கிழமை அழுகிய முட்டை நாற்றத்துக்குக் காரணம். பம்ப் போடுமுன் அந்த ஆடையை வழித்தெடுங்கள். வெறும் தண்ணீரை ஊற்றி ஊற்றி அடர்த்தியை இறக்காதீர்கள். ரிஃப்ராக்டோமீட்டரில் (அடர்த்தி காட்டும் கருவி) பார்த்து, கம்பெனி தந்த பெருக்கு எண்ணால் பெருக்கி, அவர்கள் சொன்ன அளவில் வையுங்கள். பொது வேலைக்குப் பெரும்பாலும் 5 முதல் 8 சதவீதம். கலக்கும்போது தண்ணீரில்தான் கூலன்ட் எண்ணெயை ஊற்ற வேண்டும். மாற்றி ஊற்றினால் சரியாகக் கலக்காமல் திரியும்.

ஆட்களுக்குக் கையில் அரிப்பு இருந்தால் உடனே மருத்துவரிடம் காட்டுங்கள். தொழில்சார் தோல்நோய்க்கு இழப்பீடு கேட்கச் சட்டம் இடம் தருகிறது. அதற்காகச் சுழலும் சக் (வேலைப்பொருளைப் பிடிக்கும் பாகம்) அருகே கையுறை போடச் சொல்லாதீர்கள், விரலையே இழுத்துவிடும்.

பதில் தராமல் விட்டால் நீர்ச் சட்டம் பிரிவு 33ஏ-ன்படி பட்டறையை மூடவும் மின்சாரத்தைத் துண்டிக்கவும் உத்தரவு வரலாம். வந்தால் 30 நாளுக்குள் சென்னையிலுள்ள பசுமைத் தீர்ப்பாயத்தில் மேல்முறையீடு செய்ய வேண்டும்.